நாலாவது மேசையில் ஏழு

இருபத்தைந்தும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை என்பதுதான் தவசிலிங்கத்தை முதலில் பயமுறுத்தியது. ஆள் புகுந்த வீட்டில் ஒரு சாமானும் காணாமல் போகவில்லை என்றால், வந்தவன் எதையோ பார்க்க வந்திருக்கிறான். குளித்த ஈரம் முதுகில் காயாமல், துண்டைத் தோளில் போட்டபடி கம்ப்யூட்டர் முன்னால் நின்று மறுபடியும் எண்ணினார். இருபத்தைந்து. ஆனால் திரையில் அவர் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் முதல் மேசையிலேயே கிடந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக, சந்தை கலைந்த பிறகு குவித்துப்போட்ட சாக்குகள் மாதிரி. மகள் பொன்செல்வி போன பொங்கலுக்கு வந்திருந்தபோதுதான் இந்த வித்தையைக் காட்டிக் கொடுத்தாள். ஒரே திரைக்குள் நாலு மேசை போட்டுக்கொள்ளலாம், ஒரு மேசையில் திறந்த ஜன்னல் இன்னொரு மேசையில் தெரியாது, கீழே சின்னக் கட்டத்தை அமுக்கினால் நாலும் வரிசையாக வந்து நிற்கும், வேண்டியதற்குள் நுழைந்துகொள்ளலாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, முப்பத்தோரு வருஷம் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் எண்ணிக்கை பார்த்த மனுஷனுக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. அப்பா விட்டுப்போன சொத்து நாலு கூறு, மேசையும் நாலு. முதல் மேசையில் மேட்டுத் தெருவில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு. இரண்டாவதில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து இரண்டு கடைகள். மூன்றாவதில் பம்புசெட்டோடு கரிசல் காடு. நாலாவதில் கழுதைகூட மேயாத கல்லுக்காடு, மூன்று ஏக்கர் பதினேழு சென்ட். ஒவ்வொன்றுக்கும் பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், அரசாங்க மதிப்பு, மூலப்பத்திரம், மேலேயிருந்து எடுத்த படம் என்று ஆறு ஜன்னல். நாலாறு இருபத்துநாலு. நாலாவது மேசையில் மட்டும் ஏழு. அந்த ஏழாவதுதான் இப்போது குவியலின் உச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே, முகத்தை நிமிர்த்திக்கொண்டு கிடந்தது.

கட்டத்தை அமுக்கிப் பார்த்தார். இரண்டாவது மேசை காலி. மூன்றாவது காலி. நாலாவது, தினமும் அவர் கடைசியாகப் போய் நிற்கிற நாலாவது, துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. சரி, நிதானமாக எண்ணுவோம். ஒன்பது பத்துக்குக் கரண்டு போனது. நேற்றுப் பேட்டரி செத்த யுபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது, மேசை போட்ட நாளிலிருந்து அவர் அணைத்தே அறியாத கம்ப்யூட்டர் அதோடு அணைந்தது. ஒன்பது இருபதுக்குத் தூத்துக்குடி பஸ்ஸை விட்டு இறங்கித் தங்கச்சி செண்பகவல்லி வந்தாள். ஒன்பது இருபத்தைந்துக்குக் கரண்டு வந்தது. ஒன்பது முப்பத்திரண்டுக்கு அவர் குளிக்கப் போனார், ஒன்பது நாற்பத்தைந்துக்கு வந்தார். பதின்மூன்று நிமிஷம். அந்தப் பதின்மூன்று நிமிஷமும் செண்பகம் எங்கே இருந்தாள்? இந்த அறையில்தான் ஃபேன் நன்றாகச் சுற்றும். அவள் பை இங்கே, இந்த நாற்காலியில் இருந்தது, இப்போது கூடத்துக் கட்டிலில் இருக்கிறது. பை நடந்து போகாது. அடுப்படியிலிருந்து அவளும் அவர் மனைவி அன்னபாக்கியமும் எதற்கோ சிரிக்கும் சத்தம் வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டினால் சிரிப்பு நின்றுவிடுகிறது. போய் நேராகக் கேட்டுவிடலாம். கேட்கிற வாய் அவருக்கு என்றைக்குமே கிடையாது. வாசலில் நின்று, கம்ப்யூட்டர் தானாகவா எரிந்தது என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்டார். கரண்டு வந்தால் பொத்தானை அமுக்கி வை என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள், அமுக்கினேன், மற்றதை நான் தொடவில்லை என்றாள் அன்னபாக்கியம். மற்றதை என்றால் எதை? யாரும் மற்றதைப் பற்றிக் கேட்கவில்லையே. செண்பகம் வெங்காயத்தை உரித்தபடியே தலை நிமிராமல் இருந்தாள். வெங்காயம் உரிக்கிறவள் கண் கலங்கியிருந்தால் அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வந்ததும் வராததுமாக, செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்டாள் அல்லவா, "அந்தக் கல்லுக்காடு இன்னும் அப்படியேதான் கெடக்காண்ணே?" என்று. அப்போது அது சும்மா காதில் விழுந்து போயிற்று. இப்போது திரும்பி வந்து நிற்கிறது. வீட்டைக் கேட்கவில்லை. கடையைக் கேட்கவில்லை. பம்புசெட்டு ஓடுகிறதா என்று கேட்கவில்லை. கல்லுக்காட்டை ஏன் கேட்டாள்? அதுவும் குளிப்பதற்கு முன்னால். முன்னால் கேட்டாள் என்றால் அப்போது இதைப் பார்த்திருக்க முடியாது. பார்க்காமலே தெரிந்திருந்தால்? அல்லது ஏற்கெனவே யாரோ சொல்லி, சரிதானா என்று பார்க்கத்தான் ஃபேனுக்கு அடியில் வந்து உட்கார்ந்தாளா?

பதினொரு மணிக்கு எல்லோரும் கூடுவதாகப் பேச்சு. அம்மாவுக்கு வருஷத் தெவசம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது, இனிமேல் ஒத்திப்போட வழியில்லை. வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை குளிகை, குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும், சொத்துப் பிரிப்பது திரும்ப நடந்தால் குடும்பம் தாங்குமா என்று பெரிய தம்பி பரமகுருதான் பதினொன்று என்று குறித்தான். மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அப்பா காலத்திலும் அதுதான், அவருக்கு முன்னாலும் அதுதான். எவன் கூறு போடுகிறானோ அவனுக்குக் கடைசியாக மிஞ்சுவதுதான் பங்கு, ஆகவே ஒரு குன்றிமணிகூட ஏறாமல் இறங்காமல் போடுவான் என்பது அதன் சூட்சுமம். முன்பெல்லாம் ஆண்பிள்ளைகள் வரைக்கும்தான். இப்போது சட்டம் மாறி செண்பகமும் பங்குக்காரி, அதிலும் கடைக்குட்டி, முதல் கை அவள் கை. ஆறு மாதமாகத் தவசிலிங்கம் கூறு போட்டார். மதிப்பைக் கூட்டிக் கழித்து நாலும் சமமாக வரும்வரை ஒதுக்குப்புறத் துண்டுகளை இங்கிருந்து அங்கே தள்ளினார். கணக்கில் குற்றம் சொல்ல எவனாலும் முடியாது. ஆனால் எண்ணிக்கை பார்த்த மனுஷனுக்குப் பெட்டியை மட்டுமா எண்ணத் தெரியும்? செண்பகம் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், புருஷன் போய் ஒன்பது வருஷம், வாடகை வருகிற கடையைத்தான் எடுப்பாள். சின்னத் தம்பி ஜெயக்கொடி வெல்டிங் பட்டறையின் பின்னால் குடியிருக்கிறான், அவனுக்கு வீடு வேண்டும். பரமகுருவுக்குப் பம்புசெட்டுச் சத்தம் கேட்காவிட்டால் சோறு இறங்காது. மூன்று பேரும் எடுத்த பிறகு கல்லுக்காடு மிஞ்சும். மிஞ்சியதை மூத்தவன் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வான். பாவம் அண்ணன், கடைசியில் கல்லுதான் கிடைத்தது என்று மூன்று பேரும் சொல்வார்கள். சொல்லட்டும். அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொள்கிற காட்சியைக்கூட அவர் பலமுறை மனதுக்குள் பார்த்து வைத்திருந்தார், பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு இதம் பரவும், அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்று துருவிப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்.

ஏழாவது ஜன்னல் நாற்பது நாளுக்கு முன்னால் கிடைத்தது. புலப்படம் தேடப் போனவர் வழி தவறிச் சாலைத் துறைப் பக்கத்துக்குள் போய்விட்டார். திரும்பத் தெரியாமல் கண்டதை அமுக்கியபோது ஒரு வரைபடம் விரிந்தது. ஊரைச் சுற்றி வரப்போகும் புறவழிச்சாலை, சிவப்புக் கோடு. கோடு ஊருக்குத் தெற்கே வந்து, ஓடையைத் தாண்டி, ஒரு புல எண்ணை ஒட்டிக்கொண்டு போயிற்று. அந்த எண்ணை அவர் எண்ணத் தேவையில்லை, தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வார். காட்டுக்குள் புகுந்தால் பறிபோகும், ஒட்டிக்கொண்டு போனால்? கோடு ஒட்டிக்கொண்டுதான் போயிற்று. கழுதை மேயாத கல்லுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதை நாலாவது மேசையில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யா? இது ஊருக்கெல்லாம் போட்ட அறிவிப்பு, வேண்டுமானால் அவர்களும் பார்த்துக்கொள்ளலாம், யார் கையையும் இவர் பிடித்துவைக்கவில்லை. கோடு மாறினாலும் மாறும். மாறப்போகிற கோட்டைச் சொல்லித் தம்பிமார் மனதைக் கலைப்பானேன். அப்பாவுக்கு இருமல் வந்த ஏழு வருஷமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது யார்? அம்மாவைக் கடைசிவரை வைத்துக்கொண்டது யார்? ஆனால் அந்தக் கணக்கைக் கூறு போடும்போதே வெளிப்படையாகக் கேட்டிருக்கலாமே என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். கேட்கிற வாய் இல்லை என்று அவரே பதில் சொல்வார். தினமும் படுக்கப் போகுமுன் மூன்று மேசையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசியாக நாலாவதுக்குப் போய், அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் சற்று நேரம் பார்ப்பார். தொடமாட்டார். பார்ப்பார்.

மகளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, யாராவது தூத்துக்குடியிலிருந்தோ வேறெங்கிருந்தோ இதைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பொன்செல்வி ஆபீஸில் இருந்தாள், சிரித்துவிட்டாள். அது அப்படித்தான் அப்பா, அணைத்துப் போட்டால் திறந்திருந்த ஜன்னல் அத்தனையும் தானாகத் திரும்ப வந்துவிடும், ஆனால் எது எந்த மேசையில் இருந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காது, எல்லாவற்றையும் ஒரே மேசையில் கொட்டிவிடும், எல்லோருக்கும் இந்தத் தொல்லைதான், இதற்குப் போய் யாரும் திருட வரமாட்டார்கள் என்றாள். அவசரத்தில் எதையாவது மூடிவிட்டால் பயப்பட வேண்டாம், கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மூடியது திரும்ப வரும் என்று ஏற்கெனவே சொல்லி, அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததையே மறுபடி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தவசிலிங்கத்துக்கு ஒப்பவில்லை. இருபத்தைந்தும் ஞாபகம் இருக்கிறது. மூலப்பத்திரத்தில் மூன்றாம் பக்கம் பாதியில் நிறுத்தியிருந்தார், அதே பாதியில் நிற்கிறது. படத்தை எவ்வளவு பெரிதாக்கி வைத்தாரோ அவ்வளவே இருக்கிறது. மேசை மட்டும் மறந்துவிட்டதாம். இப்படிப்பட்ட ஆட்களை அவர் ஆபீஸில் நிறையப் பார்த்திருக்கிறார். யார் முதலில் வந்தார்கள், எத்தனை கட்டு, என்ன கிழமை எல்லாம் சொல்வார்கள், ஒரே ஒரு விஷயம் மட்டும் நினைவில்லை என்பார்கள். எல்லாம் ஞாபகம் இருக்கிறவன் ஒன்றை மட்டும் மறந்தேன் என்றால் அந்த ஒன்றில்தான் சங்கதி இருக்கிறது. அப்படி நினைத்தபோதே நினைப்பு எங்கோ முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி இழுத்து நின்றது. தம்பிகளிடம் அவர் எல்லாம் சொல்லியிருந்தார். பட்டா எண், மதிப்பு, எல்லைக் கல், கடைசியாக யார் வரி கட்டியது, எல்லாம். ஒன்றே ஒன்றுதான் சொல்லவில்லை.

முள்ளை எடுக்கப் போனால் தீப்பெட்டி ஆபீஸ் மாரியக்கண்ணு நினைவில் வந்து நின்றாள். அவளை நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்றைக்கு ஏன். பெட்டி அடைக்கிறவர்களில் அவள் கை வேகம். பத்துப் பெட்டி ஒரு கட்டு, கட்டைக் கையில் தூக்கினாலே ஒன்பதா பதினொன்றா என்று தவசிலிங்கத்துக்குத் தெரிந்துவிடும், அவர் கையைத் தராசு என்பார்கள். ஒருநாள் அவள் கட்டு ஒன்று லேசாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒன்பது. வைக்கும்போது பத்து இருந்தது என்று அவள் சத்தியம் செய்தாள். மானேஜர் வந்தார், அவர் இவரைப் பார்த்தார், இவர் ஒன்பது என்றார். ஒன்பதுதானே இருந்தது. ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் சேலைத் தலைப்பை உதறிக் காட்டிவிட்டு, மருந்து வாடை அடிக்கிற அந்தக் கொட்டகை வழியாக யாரையும் பார்க்காமல் நடந்துபோனாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கணக்கை எழுதி முடித்து எழுந்தபோதுதான் காலடியில் பார்த்தார். ஆடுகிற மேசைக்கு அண்டக் கொடுக்க, கால் கட்டையாக இருந்த பக்கம் ஒரு தீப்பெட்டி. காலையில், யோசிக்காமல், கைக்கு எட்டிய கட்டிலிருந்து உருவி அவரே சொருகியது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் மானேஜர் வேறு எரிச்சலில் இருந்தார். அதற்கு மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள். மாரியக்கண்ணு திரும்ப வந்து இன்னும் பதினாலு வருஷம் அதே கொட்டகையில் பெட்டி அடைத்தாள். அவர் மேசைக்கு முன்னால் கட்டை வைத்துவிட்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நிற்பாள்.

பத்து இருபது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எவனோ சொல்வதை, அது மகளே ஆனாலும், ஏன் நம்ப வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாகப் பிடித்து அதன் மேசைக்கு இழுத்துப் போட்டார். வீட்டுக்கு ஆறு, கடைக்கு ஆறு, கரிசலுக்கு ஆறு, கல்லுக்கு ஏழு. எண்ணினார். சாலைப் படத்தை நாலாவது மேசையில் வைத்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். அணைத்தார். திரை கறுத்து அதில் அவர் முகம் தெரிந்தது, துண்டும் நரைத்த முடியுமாக, யாரோ ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பது போல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார். கதவு சாத்தியிருக்கிறது, கொண்டி போட்டிருக்கிறது, இந்த அறையில் அவர் ஒருவர்தான். நாலு நிமிஷம். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக, முதல் மேசையில், சொன்னபடி கேட்கும் ஆடுகள் மாதிரி வந்து விழுந்தன. இருபத்தைந்தும். மற்ற மூன்று மேசையும் காலி. குளிகை முடியவில்லை, நடந்ததே திரும்ப நடக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மெல்ல ஒரு நிம்மதி, தண்ணீர் வற்றிய குழாயில் காற்று வருவது போல. யாரும் தொடவில்லை. செண்பகம் தொடவில்லை. இயந்திரத்தின் புத்தி அவ்வளவுதான். ஆனால் உச்சியில் பார்த்தார். இப்போதும் சிவப்புக் கோடுதான் மேலே. இதை யார் மேலே வைத்தார்கள்? யாரும் வைக்கவில்லை. அவர் கடைசியாகப் பார்த்தது எதுவோ அதை அது மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறது. எது எந்த மேசை என்பது மறந்துபோகிறது, கடைசியாகக் கண் எதன்மேல் இருந்தது என்பது மட்டும் மறப்பதில்லை. கரண்டு போனபோதும் அதுதான் மேலே இருந்தது. நாற்பது நாளும் அதுதான் மேலே இருந்திருக்கும். யாரும் தொடவில்லை என்பது சரி. பார்க்கவில்லை என்று யார் சொன்னது? ஒன்பது இருபத்தைந்திலிருந்து அந்தக் கோடு இந்த அறைக்கு நடுவில் விரித்துப் போட்டபடி கிடந்திருக்கிறது, எதிரே ஃபேனுக்கு அடியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

வாசலில் ஜெயக்கொடியின் வண்டிச் சத்தம் கேட்டது. பத்து ஐம்பது. பரமகுருவும் கூடவே வந்துவிட்டான், செருப்பைத் தட்டும் சத்தம் அவனுடையது. தவசிலிங்கம் சிவப்புக் கோட்டின் மூலையில் இருந்த சின்னப் பெருக்கல் குறியை அமுக்கினார். மூடிக்கொண்டது. சத்தமே இல்லை. மிச்சம் இருபத்துநாலையும் பிரித்துப் போட்டார், ஆறு, ஆறு, ஆறு, ஆறு. சட்டையை மாட்டிக்கொண்டு கொண்டியை எடுத்தார். மூன்று பேரும் உள்ளே வந்தார்கள், அன்னபாக்கியம் காப்பியோடு வாசலில் நின்றாள். ஜெயக்கொடி உட்காரும்போதே, அண்ணன் எங்களை எண்ணியாச்சா, மூணு பேர்தான் வந்திருக்கோம் என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேசை மேசையாகத் திறந்து காட்டினார். எண்கள் பிசகவில்லை. நாலாவது மேசைக்கு வந்தபோது செண்பகத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று அடித்தது. முறைப்படி, முதல் கை உன் கைதான் தாயி, சொல்லு என்றான் பரமகுரு.

"எனக்குக் கல்லுக்காடு போதும்," என்றாள் செண்பகம்.

தவசிலிங்கம் காலையை மறுபடி எண்ணினார். பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டாள், பதின்மூன்று நிமிஷமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். ஜெயக்கொடிதான் முதலில் வாயைத் திறந்தான். "அத வச்சு என்னளா செய்வ? வெயிலை வாடகைக்கு விடுவியா?"

"நீங்க ரெண்டு பேரும் சேந்து அதக் கடைசியில நிக்கிற மனுசன் தலையில கட்டப் பாத்தீக," என்றாள் அவள். "அண்ணனுக்கு முட்டி போயிருச்சு. அந்தக் கல்லுல கால் ஊனி நடப்பாகளா? எனக்கு மாசம் பொறந்தா ஏதோ சம்பளம் வருது. நான் இத எடுத்துக்கிட்டா அண்ணனுக்குக் கடையாவது மிஞ்சும். அம்மாவக் கடைசிவரைக்கும் பாத்த மனுசன்."

சொல்லிவிட்டு, சொன்னது அதிகமாகிவிட்ட மாதிரி, டம்ளரை எடுத்து ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள். பரமகுரு தரையைப் பார்த்தான். ஜெயக்கொடி வீடு என்றான், பரமகுரு கரிசல் என்றான், எல்லாம் அவர் எண்ணிவைத்தபடியே, ஒன்றைத் தவிர. கடை இவருக்கு. அவள் வாடகை வாங்கிச் சாப்பிட வேண்டிய கடை. மூளை அவரைக் கேட்காமலே ஓடியது. அவளுக்குக் கோடு தெரியாது என்றால், அடுத்த வருஷம், உனக்கு எதுக்குத் தாயி அந்தக் கல்லு, கடையை எடுத்துக்கொண்டு அதை எனக்கு மாற்றிக் கொடு என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுப்பாள். தெரியும் என்றால், இப்போது பேசியதெல்லாம் நடிப்பு. தெரியுமா தெரியாதா என்று கேட்க முடியாது. எது தெரியுமா என்பாள். வாழ்நாள் பூராவும் கேட்க முடியாது. அவளுடைய குரலைத் தூக்கிப் பார்த்தார், கட்டைத் தூக்கிப் பார்ப்பது போல, லேசாக இருக்கிறதா கனமாக இருக்கிறதா என்று. முப்பத்தோரு வருஷத் தராசுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வக்கீலிடம் கொடுக்க மொத்தம் எத்தனை காகிதம் என்று எழுதிக்கொள்ளலாம் என்று பரமகுரு சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். அண்ணனிடம் போய் எண்ணிக்கை கேட்கிறாயா, பஸ்ஸில் வரும்போது எத்தனை மரம் என்றுகூடச் சொல்வார் என்றான் ஜெயக்கொடி. "மொத்தம் எத்தனைண்ணே?"

"இருபத்தஞ்சு," என்றார் தவசிலிங்கம்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. நாலாறு இருபத்திநாலுல்லா வரும் என்று பரமகுரு விரல் மடக்கினான். பிசகியிருந்தால் பிசகியது என்று சொல்லிவிட்டால் போதும், வயதாகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு எண், அவ்வளவுதான். மேசைக்கு முன்னால் யாரோ கட்டை வைத்துவிட்டு, எண்ணி முடிக்கும்வரை பேசாமல் நிற்பது போல் இருந்தது. அவர் குனிந்து மேசையின் காலடியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, செத்த யுபிஎஸ்ஸும் அவருடைய காலும்தான்.

"நாலாவதுல ஏழு," என்றார். "ஒண்ண மூடி வச்சிருக்கேன்."

யாரும் எதுவும் கேட்பதற்குள் நாலாவது மேசைக்குள் போய், காலண்டர் தாளைப் பார்க்காமலே மூன்று பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். சிவப்புக் கோடு வந்தது, ஓடையைத் தாண்டி, புல எண்ணை ஒட்டிக்கொண்டு. நாற்பது நாளாக இருக்கிறது என்றார். திரையைச் செண்பகத்தின் பக்கம் திருப்பினார். ஜெயக்கொடி எழுந்து வந்து குனிந்து பார்த்தான், அடேயப்பா என்று மூச்சுக்குள் சொன்னான், பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தான், அந்தப் பார்வையை அவர் வாங்கிக்கொண்டார். பரமகுரு சீட்டில் எழுதியிருந்த இருபத்துநாலில் நாலை அடித்துவிட்டு ஐந்து என்று திருத்தினான். செண்பகம் மட்டும் அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்ததா, இல்லை ஏற்கெனவே பார்த்ததைத் திரும்பப் பார்க்கிற அமைதியா, அவரால் எண்ண முடியவில்லை. கேட்கலாம், இப்போது கேட்கலாம், கேட்டாலும் தப்பில்லை. கேட்கவில்லை. அவள் கை நீண்டு அவருடைய டம்ளரை அவர் பக்கம் நகர்த்தியது.

"குடிங்கண்ணே," என்றாள். "ஆறிருச்சு."